இயல்பை அறிந்த கண்ணுக்கே நோய் தெரியும்

கதிரியல் மருத்துவர்களாகவும் தொழில்நுட்பர்களாகவும் இன்று வெளியேறும் இளையோரே,

உங்களில் சிலர்தான் குழந்தைகள் மருத்துவமனைக்கு வேலைக்குப் போவீர்கள். மற்றவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சிற்றூர் ஸ்கேன் மையங்களிலும் பணியாற்றுவீர்கள். ஆனால் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வரும் தாய் உங்கள் எல்லோருடைய வாசலுக்கும் வருவார். அதனால்தான் குழந்தைகளைப் படமெடுத்து நோயறிவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நலமான குழந்தையின் உடல் படத்தில் எப்படித் தெரியும் என்று அறியாதவர் இருக்கும் நோயைத் தவறவிடுவார். இல்லாத நோயையும் கண்டுபிடித்துவிடுவார். இந்த இரண்டாவது தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் துறையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1895 நவம்பரில் ரோன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளுக்குள் மருத்துவர்கள் குழந்தைகளின் மார்பையும் படமெடுக்கத் தொடங்கினார்கள். மார்பெலும்புக்குப் பின்னே, இதயத்துக்கு மேலே, அகலமான ஒரு நிழல் தெரிந்தது. அது தைமஸ் சுரப்பி. பிணப் பரிசோதனை மேசையில் அவர்கள் பார்த்துப் பழகிய தைமஸ் மிகச் சிறியது. எனவே படத்தில் தெரிவது வீங்கிய தைமஸ் என்று முடிவு கட்டினார்கள். குழந்தைகளின் திடீர் மரணத்துக்கு வீங்கிய தைமஸே காரணம் என்ற கோட்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தது. 1907இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஆல்பிரட் ஃபிரீட்லேண்டர் என்ற மருத்துவர் ஒரு கைக்குழந்தையின் தைமஸ்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார். நிழல் சுருங்கியது. வைத்தியம் பலித்தது என்று நம்பினார்கள். அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குக்கூட முன்னெச்சரிக்கை என்ற பெயரில், இதே சிகிச்சை நடந்தது.

பிழை எங்கே? மருத்துவர்கள் அறுத்துப் பார்த்த உடல்கள் பெரும்பாலும் ஏழைக் குழந்தைகளுடையவை. நெடுநாள் நோயிலும் பட்டினியிலும் கிடந்து இறந்தவர்கள் அவர்கள். நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும். அந்தச் சுருங்கிய அளவையே இயல்பான அளவு என்று எடுத்துக்கொண்டதால், நன்றாக உண்டு வளர்ந்த குழந்தையின் முழுமையான சுரப்பி நோயாகத் தெரிந்தது. நியூயார்க் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் காஃபி, குழந்தைநல மருத்துவராக இருந்து கதிரியலுக்கு வந்தவர். 1945இல் வெளியிட்ட தம் நூலில் அவர் இந்தக் கோட்பாட்டையும் சிகிச்சையையும் முற்றாக மறுத்தார். 1950இல் டஃபியும் ஃபிட்ஸ்ஜெரால்டும் தைராய்டு புற்றுநோய் வந்த சிறார்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கைக்குழந்தைப் பருவத்தில் தைமஸுக்குக் கதிர் வாங்கியிருந்தது தெரிந்தது. கழுத்தருகே பாய்ந்த கதிர் தைராய்டையும் தொட்டிருக்கிறது; அதன் விளைவு வெளிப்பட ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எலும்பின் வளர்தட்டை முறிவு என்று படிப்பவர் இன்றும் உண்டு. மண்டையோட்டின் பொருத்துவாயை விரிசல் என்று எழுதுபவரும் உண்டு. கப்பல் பாய்போல் விரிந்த தைமஸின் நிழலை நிமோனியா என்று எழுதிக்கொடுத்தால், அந்தக் குழந்தை தேவையில்லாத மருந்தையெல்லாம் விழுங்கும். ஆறு மாதக் குழந்தையின் மணிக்கட்டும் ஆறு வயதுக் குழந்தையின் மணிக்கட்டும் வெவ்வேறு. வயதைப் பார்க்காமல் படத்தைப் பார்க்காதீர்கள்.

இயல்பு தெரிந்தவருக்கு எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதும் தெரியும். நம் பாட்டிமார் எண்ணெய் வைத்துத் தடவும் உச்சிக்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதுவாக்கில் அது மூடும். அதுவரை அல்ட்ராசவுண்டுக்கு அது திறந்த ஜன்னல். 32 வாரத்துக்கு முன் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு மூளையின் அறைகளை ஒட்டிய மென்மையான இரத்தக் குழாய்கள் உடைந்து கசிவது, பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் நேர்கிறது. இன்குபேட்டரிலிருந்து குழந்தையை நகர்த்தாமல், மயக்க மருந்தும் கதிர்வீச்சும் இல்லாமல், உச்சிக்குழியில் புரோபை வைத்தே அதைப் பார்த்துவிடலாம்.

ஒரு மாதக் குழந்தை பால் குடித்ததும் பீய்ச்சி அடிப்பதுபோல் வாந்தி எடுக்கிறது. எடுத்த கையோடு மறுபடி பசித்து அழுகிறது. இரைப்பையின் வெளிவாசல் தசை தடித்திருக்கலாம். தசையின் தடிமன் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். இதற்கும் அல்ட்ராசவுண்டே போதும். குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகலில் நம் பங்கு நோயறிவதோடு நிற்பதில்லை. ஆசனவாய் வழியே காற்றை அளவான அழுத்தத்தில் செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே, செருகிய குடலைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். சீன மருத்துவர்கள் 13 ஆண்டுகளில் 6,396 முறை செய்த இச்சிகிச்சையின் அனுபவத்தை 1986இல் வெளியிட்டார்கள். இது பலித்துவிட்டால் குழந்தையின் வயிற்றில் கத்தி படவேண்டியதில்லை.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் நெடுநேரம் அசையாமல் படுக்கவேண்டும், இரைச்சலும் அதிகம். சில மாதக் குழந்தை என்றால் வயிறு நிறையப் பால் கொடுக்கச் சொல்லி, துணியில் இறுகச் சுற்றி, காதுகளை மூடிவிட்டால் தூங்கிவிடும். பல நேரங்களில் மயக்க மருந்தே வேண்டாம். இங்கே தாயோடும் செவிலியரோடும் சேர்ந்து நேரம் குறிக்கத் தெரிந்த தொழில்நுட்பர்தான் பாதி வைத்தியர்.

அடுத்தது சி.டி. அது உயிர் காக்கும் கருவி, பயந்து ஒதுக்கவேண்டியதில்லை. ஆனால் குழந்தையின் திசுக்கள் கதிரால் எளிதில் பாதிக்கப்படுபவை. பாதிப்பு வெளிப்படுவதற்கு அதன் முன்னே நீண்ட ஆயுளும் இருக்கிறது. 2012இல் பிரிட்டனிலிருந்து வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று இதை எண்ணிச் சொன்னது: பத்து வயதுக்குட்பட்ட 10,000 குழந்தைகளுக்குத் தலையில் ஒருமுறை சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ ஓர் இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் கூடுதலாக வரலாம். ஒரு குழந்தைக்கு இது மிகச் சிறிய ஆபத்து. ஆகவே உண்மையில் தேவைப்படும் இடத்தில் தயங்காதீர்கள். தேவையில்லாத இடத்தில் அந்தச் சிறிய ஆபத்துக்குக்கூட நியாயம் கிடையாது.

தேவையா இல்லையா என்று எப்படி அறிவது? 2009இல் வட அமெரிக்காவின் 25 அவசரப் பிரிவுகளில் தலையில் இலேசாக அடிபட்ட 42,412 சிறார்களைப் பற்றிய ஆய்வு வெளியானது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு சி.டி. எடுத்திருந்தார்கள். ஆனால் முக்கியமான மூளைக்காயம் இருந்தது 100இல் ஒருவருக்கும் குறைவு. நினைவு தப்பியதா, வாந்தி எடுத்ததா, தாயின் பார்வையில் பிள்ளை வழக்கம்போல் இருக்கிறதா, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, மண்டையில் வீக்கம் உண்டா என்ற சில கேள்விகளாலேயே, ஸ்கேன் வேண்டாத குழந்தைகளைப் பிரித்துவிடலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. அந்தக் கேள்விகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எடுக்கத்தான் வேண்டுமென்றால், பெரியவர்களுக்கு வைத்த அளவில் எடுக்காதீர்கள், எடைக்கேற்பக் குறையுங்கள். மார்புப் படம் கேட்டால் கதிர் விழும் பரப்பைக் கொலிமேட்டரால் மார்பளவுக்குக் குறுக்குங்கள். உச்சி முதல் பாதம் வரை ஒரே படத்தில் அடக்கும் 'பேபிகிராம்' சோம்பலுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

குழந்தைக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாதவற்றையும் படம் சொல்லும். தைமஸ் பற்றித் துறையை நேர்படுத்திய அதே காஃபி 1946இல், மூளையைச் சுற்றி இரத்தம் கட்டிய சில கைக்குழந்தைகளின் கைகால் எலும்புகளில் பல முறிவுகள் இருந்ததைப் பதிவு செய்தார். வளரும் எலும்பு ஆறும் வேகம் அவருக்குத் தெரியும். அதனால் அவை வெவ்வேறு நாட்களில் பட்ட அடிகள் என்று படிக்க முடிந்தது. வீட்டுக்குள்ளேயே அடிபடும் குழந்தையை மருத்துவ உலகம் 1962இல் ஹென்றி கெம்பேயும் சகாக்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் முழுதாக ஏற்றுக்கொண்டது. அப்படியொரு படம் உங்கள் மேசைக்கு வந்தால், கண்டதை மறைக்காமல் எழுதுங்கள். சிகிச்சை தரும் மருத்துவரை உடனே அழைத்துச் சொல்லுங்கள். குற்றவாளி யார் என்று ஊகிப்பது நம் வேலையில்லை.

நம் மாநிலத்தில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. பெண் சிசுக்களைக் காக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கவேண்டியிருந்த மண் இது. 1994இல் நாடாளுமன்றம் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. குறைமாதக் குழந்தையின் மூளையைக் காக்கும் அதே அல்ட்ராசவுண்ட், பிறக்கவிருந்த குழந்தையை இல்லாமல் ஆக்கவும் பயன்பட்டிருக்கிறது. ஸ்கேன் மையத்துச் சுவரில் மாட்டிய அறிவிப்புப் பலகையை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். உறவினர் கெஞ்சுவார், தெரிந்தவர் கண்ணடித்துக் கேட்பார், இனிப்புப் பெட்டிக்குள் உறை வரும். கருவின் பாலினத்தை வாயாலோ சைகையாலோ சொல்லாதீர்கள்.

இளையோரே, வேலையில் சேரும் முதல் ஆண்டில் நோய்ப் படங்களோடு நலமான குழந்தைகளின் படங்களையும் வயதுவாரியாகப் பார்த்துப் பழகுங்கள். உங்கள் இயந்திரத்தில் குழந்தைகளுக்கான அளவுகள் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று முதல் வாரமே சோதியுங்கள். ஸ்கேன் தேவையில்லை என்று தோன்றினால், சீட்டு எழுதிய மருத்துவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், தொலைபேசியை எடுத்து மரியாதையோடு கேளுங்கள். குறை ஏதும் இல்லாத படத்துக்கு 'இயல்பு' என்று தயங்காமல் எழுதிக் கையெழுத்திடுங்கள். தப்பித்துக்கொள்ள நீங்கள் சேர்க்கும் ஒரு சந்தேக வரி, ஒரு குடும்பத்தை ஊர் ஊராக அலையவைக்கும். கல்லூரி உங்களுக்குப் பட்டம் தந்துவிட்டது. இப்படிக் கேட்கவும் எழுதவும் வேண்டிய துணிவை நீங்கள்தான் தேடிக்கொள்ளவேண்டும்.