குடிபெயர்ந்தோரும் குருதிக் குழாய்களும்



உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓயாது சுற்றி வருகிறது. இதயமானது நிமிடத்துக்கு 70 முறை என்று கணக்கிட்டாலும், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை துடித்து அதனைச் செலுத்துகிறது. குருதி இவ்வாறு வட்டமிட்டு ஓடுகிறது என்பதை இங்கிலாந்தின் மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் நூலெழுதி நிலைநாட்டினார். இதயத்தின் உழைப்பைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம். அவ்வுழைப்பு பயனுறக் காரணமாயிருக்கும் இரத்தக் குழாய்களை நினைப்பாரோ சிலரே.

இரத்தக் குழாயை வெறும் நீர்க்குழாய்போல் எண்ணுதல் தவறு. அது உயிருள்ள உறுப்பு. அதன் உட்புறத்தில் மிக மெல்லிய ஒரு சவ்வு படர்ந்திருக்கிறது. வேண்டியபோது குழாய் விரியவும், குருதி உறையாமல் வழுக்கி ஓடவும் அச்சவ்வே துணை செய்கிறது. உயர்ந்த இரத்த அழுத்தம், புகையிலை, மிகுந்த சர்க்கரை ஆகியவை அதனை நைந்துபோகச் செய்கின்றன. நைந்த இடத்தில் கொழுப்புப் புகுந்து படிகிறது. படிவு வெடித்து அதன்மேல் குருதி உறைந்தால், இதயத்திலாயின் மாரடைப்பு, மூளையிலாயின் பக்கவாதம். இந்தப் படிவு முதுமையில் தொடங்குவதன்று. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்ட செய்தி உலகையே திடுக்கிடச் செய்தது. அவர்களுடைய சராசரி வயது 22 தான். ஆயினும் நான்கில் மூவர்க்கு இதயக் குழாய்களில் நோயின் அடையாளம் தென்பட்டது.

இப்பொருள் சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்குத் தனிப்பட்ட முறையில் உரியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜப்பானிலேயே வாழ்ந்த ஜப்பானியரையும், ஹவாய்த் தீவுகளில் குடியேறியோரையும், கலிபோர்னியாவில் குடியேறியோரையும் ஒப்பிட்டு 1965 முதல் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரே இனத்தவரே எனினும், மாரடைப்பு நோய் ஜப்பானில் குறைவாகவும், ஹவாயில் அதனினும் கூடுதலாகவும், கலிபோர்னியாவில் மிகுதியாகவும் காணப்பட்டது. கலிபோர்னியாவிலும், தம் பழைய பழக்கவழக்கங்களையும் உறவுக் கூட்டத்தையும் விடாமல் வாழ்ந்தோர் ஜப்பானில் உள்ளவர்களைப் போலவே நலமாயிருந்தனர். ஆனால் அந்த ஆராய்ச்சி மற்றொன்றையும் காட்டிற்று. பக்கவாதம் ஜப்பானிலேயே மிகுந்திருந்தது. ஊறுகாயும் உப்பிட்ட பண்டங்களும் நிறைந்த அந்நாட்டு உணவு இரத்த அழுத்தத்தை உயர்த்தியதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே, பழைய வழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் போற்றுதலும் பொருந்தாது. புதிய ஊரின் வழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் தழுவுதலும் பொருந்தாது.

நம் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கரோல்பாக்கிலோ மாதுங்காவிலோ குடியிருக்கும் நமக்கு ஊரிலிருந்து வருவோர் எவற்றைக் கொண்டு வருகின்றனர்? மாவடு, ஆவக்காய், அப்பளம், மோர் மிளகாய், வற்றல், கருவாடு. இரயில் பயணத்தில் கெடாதவை இவைதாம். கெடாமல் காப்பது உப்பு. ஒருவர் ஒரு நாளில் கொள்ளத்தக்க உப்பு 5 கிராமுக்கும் குறைவாயிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது, சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் சேர்ந்து ஒரு சிறு தேக்கரண்டி அளவே. ஊரின் மணத்தை நாம் துறக்க வேண்டியதில்லை. அன்றாடம் இலையில் இருப்பதை வாரம் ஒரு நாள் விருந்தாகக் கொள்ளலாம். புளியும் மிளகும் எலுமிச்சையும் பெருங்காயமும் உப்பின் குறையைப் பெரிதும் மறைக்கும்.

மறுபுறம், வந்த ஊரிலிருந்து நாம் கற்றவை கச்சோரியும் ஜிலேபியும் வனஸ்பதியில் பொரித்த பண்டங்களும் மட்டுமாயின் அது நம் குறையே. கடைவீதியில் பாஜ்ரா என்று விற்பது நம் கம்பு. ஜ்வார் என்பது நம் சோளம். மேத்தி நம் வெந்தயக் கீரை; லௌக்கி நம் சுரைக்காய். நம் பாட்டனார் உண்ட தானியங்களை மராட்டியத்தாரும் இராஜஸ்தானியரும் ரொட்டியாக இன்றும் உண்கின்றனர். இருவேளைச் சோற்றில் ஒன்றைக் குறைத்து, இத்தானிய ரொட்டியும் பருப்பும் கீரையும் சேர்த்தல் எளிது. தவிடு நீக்காத தானியத்தின் நார்ச்சத்து குருதியில் கொழுப்பு மிகாமல் காக்க உதவும். எண்ணெய் எதுவாயினும் அளவோடு கொள்ளுதலும், பொரித்த எண்ணெயை மீண்டும் காய்ச்சாதிருத்தலும் நன்று.

உணவுக்கு அடுத்தது உழைப்பு. லண்டன் நகரின் மாடிப் பேருந்துகளில் வேலை செய்வோரை ஆராய்ந்து, ஜெரி மாரிஸ் என்னும் அறிஞர் 1953-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களை விட, ஓயாது மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. நாற்காலியில் பணிபுரியும் நம்மில் பலருக்கு இது போதிய பாடம். வாரத்துக்கு 150 நிமிட விரைவு நடை போதும். ஆனால் வடநாட்டுக் குளிர்காலத்தில் ஓர் எச்சரிக்கை. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் உயரும். விடியற்காலைப் பனிப்புகையும் தீங்கு. மார்கழியில் வைகறை நடை நம் ஊருக்கு அழகு. தில்லியில் வெயில் ஏறியபின் நடப்பதே அறிவுடைமை.

புகையிலையை எவ்வடிவிலும் விட்டொழித்தலே முறை. பீடி சிகரெட்டை விட்டவர்க்கு ஓராண்டிலேயே மாரடைப்பின் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. வேறு எந்த மருந்து இவ்வளவு செய்யும்?

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இன்றி இருப்பது. முப்பது வயதுக்கு மேல் ஆண்டுக்கொரு முறையேனும் அளந்து பார்த்தல் கடமை. அளவு 140-க்கு 90 என்பதை எட்டினால் மருத்துவரை நாடுதல் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மாத்திரையை மறந்து செல்வதும், உடல் நன்றாயிருக்கிறது என்று தாமாகவே நிறுத்துவதும் கேடு.

இறுதியாக ஒன்று. நம்முடன் வந்து தங்கும் முதிய பெற்றோர்க்கு இவ்வூர் மொழி தெரியாது. பகலில் அவர்கள் தனித்திருப்பர். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் தோன்றினால் வாயு என்று சுக்குக் கஷாயம் வைத்துக் காத்திருத்தல் கூடாது. முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே நாடெங்கும் உதவும் 112 என்னும் எண்ணையும், வீட்டு முகவரியையும், நெஞ்சு வலி என்பதற்குரிய உள்ளூர்ச் சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்போம். அண்டை வீட்டாரை அவர்களுக்கு அறிமுகம் செய்து வைப்போம். பிழைப்புக்காக நெடுந்தொலைவு வந்த நாம், உரிய வேளையில் உதவி கிட்டாமல் ஓர் உயிரை இழத்தல் ஆகாது. இன்று மாலையே அந்தத் தாளை எழுதி ஒட்டுதல் நலம்.