பச்சைப் புள்ளி சொல்வதும் சொல்லாததும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மக்தப் மதரஸா முடிந்து வந்த சிறுவன் ஒருவன் மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டி, இதில் பச்சைப் புள்ளி இருக்கிறதே, ஹலால்தானே என்று என்னிடம் கேட்டான். உடனே ஆம் என்று கூற எனக்கு நா எழவில்லை. அதற்கான விளக்கத்தையே உங்கள் முன் வைக்கின்றேன்.

நம் நாட்டில் பொட்டல உணவுகளில் சைவ, அசைவக் குறியீடுகள் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. பச்சைச் சதுரத்திற்குள் பச்சை வட்டம் இருப்பின் சைவம். அசைவத்திற்குப் பழுப்பு வட்டம் இருந்தது. நிறம் பிரித்தறிய இயலாதோரும் அறியும் பொருட்டு, 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளில் அது பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டது.

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றோ, விலங்கிலிருந்து பெறப்பட்ட வேறு பொருளோ சிறிதளவு சேர்ந்தாலும் சட்டப்படி அது அசைவமே. பாலும் தேனும் இதற்கு விலக்கு. ஆகவே, விலங்குக் கொழுப்போ ஜெலட்டினோ கலந்திருக்குமோ என்னும் ஐயத்திற்குப் பச்சைப் புள்ளி பெரிதும் விடையளிக்கிறது. ஆனால் மதுசாரம் விலங்கிலிருந்து வருவதன்று. அதைப் பற்றி அப்புள்ளி வாய் திறப்பதில்லை. அதுபோலவே, பழுப்புக் குறி கண்டவுடன் ஹராம் என ஒதுக்குவதும் பிழையாகும். முட்டை சேர்ந்த பிஸ்கட்டுக்கும் அதே குறிதான். அங்கே, எதனால் அசைவம் என்று பார்க்க வேண்டும். ஜெலட்டின் என்றிருந்தால், எப்பிராணியினுடையது, எவ்வாறு அறுக்கப்பட்டது என்பது தெரியாமல் உண்ணலாகாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் இனிப்புகளில் இந்தப் புள்ளிகளே இருப்பதில்லை. அவற்றில் சேர்பொருள் பட்டியலே நமக்கு வழிகாட்டி.

அப்பட்டியலிலும் வெறும் எண்கள் வருவதுண்டு. 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு நிறம். 471 தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். நூடுல்ஸ், சிப்ஸ் போன்றவற்றில் சுவை கூட்டும் 631-உம் அத்தகையதே. ஓர் அறக்கட்டளை தொடுத்த வழக்கில், 2021 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் இதனைச் சுட்டிக்காட்டி, ஒவ்வொரு சேர்பொருளும் தாவரமா, விலங்கா, செயற்கையா என வெளிப்படுத்த வேண்டுமென ஆணையிட்டது. உண்பது இன்னதென்று அறியும் உரிமை சைவர்க்கும் நமக்கும் பொதுவானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

வணிகச் சகோதரர்களே! பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் மக்கள் நம் ஊர்க் கடைகளிலும் பொருள் வாங்குகின்றனர். முட்டை சேர்ந்த கேக்கை உறை பிரித்துத் தட்டில் வைத்தால், குறியீடு உறையோடு போய்விடுகிறது. கேட்காவிடினும் அதனை வாயால் சொல்லிவிடுங்கள். நமக்கு ஹலால் எத்துணை முக்கியமோ, அவர்க்கு அவர் விரதம் அத்துணை முக்கியம். இது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையில் உள்ளவை சந்தேகத்திற்குரியவை. அவற்றைத் தவிர்ந்தவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். எனவே படித்துப் பாருங்கள். புரியாததை ஆலிம்களிடம் கேளுங்கள். கைப்பேசியில் வரும் வதந்தியை நம்பி எதனையும் ஹராமாக்காதீர்கள். அச்சிறுவனுக்கும் புள்ளியோடு பட்டியலையும் படிக்கக் கற்றுக்கொடுத்தேன். உங்கள் இல்லப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தூய உணவை வழங்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.