கையொப்பம் இடுமுன்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



சமய விழா மேடையிலே கல்விப் பிணைமுறியைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று ஐயுறுவோர் சிலர் இச்சபையில் இருத்தல் கூடும். பொருந்தும் என்பதே எமது எண்ணம். வற்றாப்பளை அம்மனுக்குக் காவடி எடுப்பதாக நேர்த்தி வைத்தவர், கொழும்பிலே கடை வைத்திருந்தாலும், வைகாசி விசாகப் பொங்கலுக்கு ஊர் வந்து சேர்கிறார். அவரை எந்த நீதிமன்றமும் அழைப்பதில்லை. முதலிலே பிள்ளைக்குச் சுகம் கிடைத்தது, பின்னரே காவடி. பெறுவது முன்னும் கொடுப்பது பின்னுமாக அமைந்த உடன்படிக்கையை நமது சனங்கள் கோயில் வீதியிலேதான் படித்தார்கள். கல்விக்காக எழுதிக் கொடுக்கும் பிணையும் அதே அமைப்பை உடையது. ஆயினும் நேர்த்திக்கடனை நாமே வாய்விட்டுச் சொல்லுகிறோம். பிணைமுறியை வேறொருவர் எழுதி நம்முன் நீட்டுகிறார். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகிய பின் ஒருநாள் வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. தேசிய கல்வியியற் கல்லூரிக்கு நீர் தெரிவு செய்யப்பட்டுள்ளீர் என்று அதில் எழுதியிருக்கிறது. தாயின் முகம் மலர்கிறது. அயலட்டைக்குச் செய்தி பரவுகிறது. பிள்ளை மட்டும் மூலையில் இருந்து யோசிக்கிறது. அந்தப் பிள்ளையின் யோசனையைத்தான் இன்று நாம் சபைக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

இக்கல்லூரிகள் 1985 ஆம் ஆண்டு தொடக்கம் தாபிக்கப்பட்டு, 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடைபெறுவன. வவுனியாப் பூந்தோட்டத்திலே ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படித்தல், மூன்றாம் வருடம் பாடசாலையொன்றிலே கட்டுறுப் பயில்வு. மாதாந்தம் ஒரு கொடுப்பனவும் உண்டு. முடிவிலே டிப்ளோமாவும் இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனமும் கிடைக்கும். இவற்றுக்கு ஈடாக, இடையில் விலகாது படிப்பை முடிப்பதாகவும், அனுப்பும் பாடசாலையிலே கடமையாற்றுவதாகவும் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயரளவில் இதனைப் புலமைப்பரிசில் என்று எவரும் அழைப்பதில்லை. ஆனால் தன்மையால் அது அதுவே.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி இந்நாட்டுக்கு வந்தது. அரசாங்கச் சர்வகலாசாலைகளிலே படிப்புக் கட்டணம் இல்லை. ஆகையால் வன்னிப் பிள்ளையொன்றைப் பிணைமுறியிலே கையெழுத்திடத் தூண்டுவது படிப்புச் செலவு மாத்திரம் அன்று. நிச்சயம் என்னும் பண்டமே அங்கு விற்கப்படுகிறது. 2017 ஆம் ஆண்டிலே பட்டதாரிகள் வேலை கேட்டு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாட்கணக்காகத் தெருவோரம் இருந்ததைப் பத்திரிகையிலே பார்த்த தாய், பட்டத்தை விட நியமனக் கடிதத்தைப் பெரிதாக எண்ணுவதிலே வியப்பென்ன? 2009 இலே செட்டிகுளத்து மெனிக் பாம் கூடாரத்தில் இருந்தவள் அவள். குடும்பத் தலைவரை இழந்து, குறைந்த காணியோடு மூன்று பிள்ளைகளை வளர்த்தவளிடம் போய், “ஆசைப்பட்டதைப் படிக்க விடுங்கள், வேலை தானாக வரும்” என்று உபதேசம் செய்ய எமக்கு நாக் கூசுகிறது.

எனினும் நிச்சயத்துக்கும் ஒரு விலை உண்டு. அதனைக் காசாகக் கொடுப்பதில்லை, ஆயுளில் இருந்து கொடுக்கிறோம்.

இந்தக் கேள்வி நமது தலைமுறையோடு பிறந்ததன்று. அமெரிக்க மிஷனார் 1823 இலே வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். உண்டி, உறையுள், புத்தகம் யாவும் முதலிலே இலவசமாகவே கொடுக்கப்பட்டன. ஆனால் குறித்த காலம் முடியுமட்டும் பிள்ளையைத் திருப்பி அழைப்பதில்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கும் வழக்கம் மிஷன் விடுதிப் பள்ளிகளிலே இருந்தது. செலவை ஏற்ற அமெரிக்கத் தருமவான்களின் பெயர்கள் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. 1824 இல் தொடங்கிய உடுவில் பெண் பாடசாலையிலே, படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமும் மிஷனே கொடுத்தது.

நமது மேடைகளிலே இதனை எடுத்துச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. நாம் அதைச் செய்ய வரவில்லை. அந்தச் செமினரி வானசாஸ்திரமும் கணிதமும் ஆங்கிலமும் தமிழும் கற்பித்தது. சென்னைச் சர்வகலாசாலை 1857 இலே தாபிக்கப்பட்டபோது, அதன் முதலாவது பீ. ஏ. பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் அங்கு படித்த யாழ்ப்பாணத்தவர்களே: ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. விசுவநாதபிள்ளையின் பெயருக்கு முன் நிற்கும் ‘கறோல்’ மிஷன் தந்த பெயர். இருவரும் பின்னர் சைவ சமயத்துக்குத் திரும்பினர். தாமோதரம்பிள்ளை 1887 இலே கலித்தொகையை அச்சிலேற்றியதைத் தமிழுலகம் மறவாது. ஒப்பந்தம் அவர்களின் இளமையைக் கட்டியது, உள்ளத்தைக் கட்டவில்லை. பெற்றோர் அன்று கையெழுத்திட மறுத்திருப்பின் அந்தப் பதிப்பு நமக்குக் கிடைத்திருக்குமோ என்று எம்மை நாமே கேட்டுக்கொள்ளுகிறோம். விடை எமக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

ஆறுமுக நாவலர் அவர்கள் வேறு வழி சென்றார். வெஸ்லியன் மிஷன் பள்ளியிலே படித்து, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலே துணை நின்றார். ஏற்றுக்கொண்ட வேலையைச் சைவராக இருந்தபடியே செவ்வனே செய்தார். 1848 இலே உத்தியோகத்தைத் துறந்து, அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். யாவரும் அறிய விலகினார். உண்ட வீட்டைப் பின்கதவால் விட்டுப் போகவில்லை. அவர் பெயரைச் சொல்லும் நாம் இந்தப் பகுதியை மட்டும் மறந்துவிடுகிறோம்.

பரிசிலே இன்றிக் கடமையை மட்டும் ஏற்றவர்களும் இருந்தார்கள். இந்தியாவிலே பூனா நகரத்தில் 1884 இலே தக்காணக் கல்விச் சங்கம் தோன்றி, அடுத்த ஆண்டு பெர்குசன் கல்லூரியைத் திறந்தது. அதன் ஆயுள் அங்கத்தவர்கள் சொற்ப வேதனத்துக்கு இருபது வருடம் கற்பிக்க வாக்களித்தார்கள். கோபால கிருஷ்ண கோகலே மாதம் 75 ரூபா வேதனத்தில் அங்கு உழைத்து 1902 இலே ஓய்வு பெற்றார். காந்தியடிகள் தமது அரசியல் குரு என்று சொன்னவர் அவரே. அதே சங்கத்தை விட்டுத் திலகர் 1890 இலே கருத்து வேற்றுமையால் விலகினார். விலகியவரையும் நிலைத்தவரையும் சரித்திரம் ஒருங்கே போற்றுகிறது. கோகலேக்கு எவரும் முற்பணம் கட்டிப் பிணை வாங்கவில்லை. கடமையை மாத்திரம் முன்வைத்தபோதும் அவர் ஆம் என்றார்.

எமது அளவுகோலை இங்கிருந்தே எடுத்துக்கொண்டோம். தம்பி, தங்கச்சி, கடிதத்தில் உள்ள கொடுப்பனவையும் விடுதியையும் நியமனத்தையும் ஒரு கணம் அப்பால் எடுத்து வையுங்கள். எஞ்சியிருப்பது நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பறை. பஸ் வராத ஒரு கிராமம். ஆண்டுதோறும் அதே பாடம். இதனைப் பார்த்தும் உங்கள் மனம் ஓரளவேனும் அசைகிறதா? அசைந்தால் துணிந்து கையொப்பம் இடுங்கள். பணம் உங்களுக்கு மேலதிக வரவு. அசையாவிடின், அந்த நியமனக் கடிதம் முப்பது வருடம் உங்களை வாட்டும். உங்கள் முன் இருக்கும் பிள்ளைகளையும் வாட்டும்.

உதாரணமாக, மல்லாவியிலே ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உயிரியல் படித்தவள், விவசாயத்திலே விருப்பம். கிளிநொச்சி அறிவியல் நகரிலே விவசாய பீடம் இருக்கிறது. அவள் இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. இவள் பயத்தினாலே கையெழுத்திடக் கூடாது. சர்வகலாசாலை அனுமதியிலே 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். கலைத்துறை போன்ற சிலவற்றுக்குக் கணக்கு வேறு. இன்னொரு தடவை பரீட்சைக்குத் தோற்ற இடமிருந்தால், வீட்டு நிலைமையும் தாங்குமானால், ஒரு வருடம் பொறுப்பது குற்றமன்று. 2021 ஆகஸ்டிலே வவுனியா வளாகமும் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. முன்போல எல்லாவற்றுக்கும் தூர தேசம் போக வேண்டியதில்லை. வீடு தாங்காது என்றால் அது வேறு கதை. தம்பிமாரின் சோற்றுக்காகக் கையெழுத்திடும் அக்காவை நாம் குறை சொல்லோம். அவளுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: கற்பித்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தின் மூலமும் தேசிய கல்வி நிறுவகத்தின் மூலமும் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள்.

இனி, மனத்திலே முறிப்பதாக எண்ணிக்கொண்டே கையெழுத்திடுவோரைப் பற்றி. “இப்போது ஒப்புக்கொள்ளுவோம், வேறு இடம் கிடைத்தால் ஓடிவிடுவோம்” என்று சில வீடுகளிலே பேசப்படுகிறது. பெரியவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டிலே மேற்படிப்புக்குப் போய்த் திரும்பி வராத விரிவுரையாளர்களின் பிணைப்பணம் பாராளுமன்றக் கோப் குழு வரைக்கும் பேசுபொருளானதை நாம் அறிவோம். போனவர் போய்விட்டார். பிணை நின்ற சக ஊழியரைத்தான் பணம் கேட்டுக் கடிதம் தேடி வந்தது. நமது கிராமத்திலே பிணை நிற்பவர் யார்? மாமா, அல்லது அப்பாவின் பழைய சிநேகிதர், ஒரு சிற்றூழியர். அவருடைய ஓய்வூதியக் கனவின் மீதே நமது கையொப்பம் நிற்கிறது.

மற்றொரு பக்கமும் உண்டு. அதனை வன்னியிலே இருந்து பேசுவோர் மறைத்தல் நியாயமன்று. துணுக்காயிலும் நெடுங்கேணியிலும் பூநகரியிலும் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியரில்லை என்று நாம் மனுக் கொடுக்கிறோம். வந்த ஆசிரியர் வெள்ளிக்கிழமை மத்தியானப் பஸ்ஸை எதிர்பார்த்திருக்கிறார் என்று குறை சொல்லுகிறோம். இடமாற்றம் வாங்கிப் போனவரைத் திட்டுகிறோம். ஒரு பிணைமுறியின் காரணமாகவே வேற்றூரவர் சிலர் நமது ஓலைக் கொட்டில் வகுப்பறைகளிலே சில ஆண்டுகள் நின்று கற்பித்தார்கள் என்பதையும் நாம் அறிவோம். ஆகவே பிணை நமக்கு அந்நியமானதன்று. நாம் கொடுக்கும் பக்கத்திலும் இருக்கிறோம், வாங்கும் பக்கத்திலும் இருக்கிறோம். நமது பிள்ளை நமது கிராமத்துக்கே ஆசிரியராய் வரச் சம்மதிக்கும்போது அந்தத் தாளிலே கட்டு மிகவும் தளர்ந்துவிடுகிறது. கட்டாமலே இருந்திருப்பாள் அல்லவா?

பெற்றோருக்கு இரண்டொரு வார்த்தை. கடிதத்தை மட்டும் வாசித்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள், ஒப்பந்தத்தை வாசியுங்கள். கடமை எத்தனை வருடம், அது எந்த நாளிலிருந்து எண்ணப்படும், இடையிலே நோய் வந்தால் என்ன, திருமணமாகி வேறு மாவட்டம் போனால் என்ன, விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பவற்றை எழுத்திலே பாருங்கள். இந்த விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவன. அண்ணன் எழுதிக் கொடுத்ததை வைத்துத் தங்கைக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். அவ்வாண்டு வர்த்தமானியைப் பாருங்கள். விளங்காத மொழியிலே தாள் தரப்பட்டால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதைக் கேட்பதற்காக எவரும் இடத்தைப் பறிக்க மாட்டார்கள்.

பிள்ளையையும் கேளுங்கள். அயலவர் இல்லாத வேளை பார்த்து, விளக்கு வைத்த பிறகு, “உனக்கு விருப்பமா?” என்று ஒரு தடவை கேளுங்கள். உடனே மறுமொழி வராது. கடிதத்திலே குறித்த நாளுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தால், அந்த ஒரு கிழமையையும் பிள்ளைக்குக் கொடுங்கள்.