லாகிரியும் சங்கீதமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



விதையும் எருவும் கடனும் தவணையும் பேசப்படும் இடத்தில் சங்கீதத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். ஆயினும், கிராம வாழ்க்கையில் சங்கீதமின்றி நடைபெறும் காரியங்கள் மிகச் சிலவே என்பதை யாவரும் அறிவர். கல்யாணத்திற்கு நாகஸ்வரமும் தவிலும், மார்கழிக்குப் பஜனையும், கோடைக்குத் தெருக்கூத்தும், சாவுக்குப் பறையும் வேண்டியிருக்கின்றன. இவற்றை நடத்திவைப்போர் அந்நியர் அல்லர். அவர்களிற் பலர் சங்கத்தின் பேரேட்டில் பெயர் உள்ளவர்களே. உழவனுக்கு நிலம் எப்படியோ, அப்படியே அவர்களுக்குக் கையும் காதும் ஜீவனத்திற்கு ஆதாரம். நிலம் உவர் பூத்தால் கவலைப்படும் சபை, அந்தக் கையும் காதும் கெடுவதைக் குறித்துக் கவலைப்படுவதும் நியாயமே.

மதுபானமும், அபினி, கஞ்சா முதலிய லாகிரி வஸ்துக்களும் சங்கீதத்தை வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் என்ன செய்கின்றன என்பதே இப்பிரசங்கத்தின் விஷயம்.

"உள்ளே கொஞ்சம் போனால்தான் கை பேசும்" என்று சொல்லுவோர் உண்டு. இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அப்படிச் சொல்லுபவர் பொய் சொல்லவில்லை; தமக்குத் தோன்றுவதையே சொல்லுகிறார். தோன்றுவது எது, நடப்பது எது என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் செய்யத்தக்கது.

பெரிய சபையின் முன் உட்கார்ந்தவுடன் நெஞ்சு படபடப்பதும், விரல் நடுங்குவதும், உதடு உலர்வதும் நல்ல வித்துவான்களுக்கும் நேர்பவையே. மது மூளையின் வேலையை மந்தப்படுத்தும் வஸ்து. அது முதலில் அச்சத்தையும் கூச்சத்தையும் அடக்குகிறது. ஆகவே குடித்தவருக்குத் தைரியம் வந்ததுபோல் இருக்கிறது. இவ்வளவும் மெய்யே. ஆனால் மந்தம் அந்த இடத்தோடு நிற்பதில்லை. தலையின் பின்புறத்தில் சிறுமூளை என்று ஒரு பாகம் உண்டு. கால், கை, விரல் ஆகியவற்றின் அசைவுகளை ஒழுங்குபடுத்தி, எது எந்தக் கணத்தில் நடைபெறவேண்டும் என்று அளந்து கொடுப்பது அதுவே. மதுவினால் எளிதில் தளர்வதும் அதுவே. குடித்தவன் நடை தள்ளாடுவதற்கும், குடித்த தவில்காரரின் தாளம் தள்ளாடுவதற்கும் காரணம் ஒன்றுதான்.

மேலும், உடல் மதுவுக்குப் பழகிவிடுகிறது. முதல் வருஷம் ஒரு குவளையில் அடங்கிய நடுக்கம் மூன்றாம் வருஷம் இரண்டு குவளைக்கும் அடங்குவதில்லை. பின்பு குடியாத நேரத்தில் கை தானாகவே நடுங்கத் தொடங்குகிறது. சபைக்கு அஞ்சி நடுங்கிய கை, இப்பொழுது மது இல்லாமையால் நடுங்குகிறது. நடுக்கத்தைத் தீர்க்க வாங்கிய மருந்தே நடுக்கத்திற்குக் காரணமாகிவிட்டது.

கஞ்சாவின் வழி வேறு. அது காலத்தைப் பற்றிய உணர்வையே மாற்றிவிடுகிறது. கழிந்த நேரம் சிறிதாயிருக்க, நெடுநேரம் கழிந்ததுபோல் தோன்றுகிறது. லயத்தை நம்பிப் பிழைப்பவருக்கு இதனினும் பெரிய இடையூறு வேறில்லை. அபினியும், அதிலிருந்து எடுக்கப்படும் மார்பின், ஹெராயின் முதலியனவும் மூச்சைத் தாழ்த்துகின்றன. அளவு மிஞ்சினால் மூச்சையே நிறுத்திவிடுகின்றன. நாகஸ்வரம் வாசிப்பவருக்கு மூச்சுத்தான் மூலதனம் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இனிக் கேட்பவரின் காதைப் பார்க்கலாம். உட்காதில் நத்தைக் கூடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் மயிரிழை போன்ற நுண்ணிய நுனிகளை உடைய உயிரணுக்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒலியை வாங்கி நரம்புக்குக் கொடுப்பவை அவையே. மனிதரிடத்தில் அவை ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. நடுக்காதிலோ மிகச் சிறிய தசை ஒன்று உண்டு. பேரொலி வரும்பொழுது அது இறுகி, உள்ளே செல்லும் ஒலியைக் குறைக்கிறது. மது அந்தத் தசையின் காவலைத் தளர்த்திவிடுகிறது.

லண்டன் நகரில் 30 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2007-ம் வருஷம் வெளியான ஒரு பரிசோதனையில், மது அருந்தியபின் அவர்களுடைய கேள்வித்திறன் குறைந்ததாகக் காணப்பட்டது. உயர்ந்த ஒலிகளைவிடத் தாழ்ந்த ஒலிகளிலேயே அக்குறைவு அதிகமாயிருந்தது. பேச்சைப் பிரித்தறிய மிகவும் வேண்டப்படும் ஒலிகளும் அதற்கு உட்பட்டன. திருவிழா இரவில் "இன்னும் சத்தமாக வை" என்று ஒலிபெருக்கிக்காரரை வற்புறுத்துபவர் பெரும்பாலும் யார் என்பதை அங்கத்தினர்கள் பார்த்திருப்பார்கள். காது மந்தித்ததால் அவர் அதிகச் சத்தத்தைக் கேட்கிறார். அதைத் தடுக்கவேண்டிய தசையோ தளர்ந்து கிடக்கிறது. அவருக்கு மறுநாள் போதை தெளிந்துவிடும். ஆனால் பேரொலியால் அழிந்த உயிரணுக்கள் மீள்வதில்லை. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கும் குழந்தைகளின் காதும் வாத்தியக்காரரின் காதும் சேர்ந்தே கெடுகின்றன.

இவை யாவற்றிலும் முக்கியமான பரிசோதனை ஒன்று உண்டு. அமெரிக்கா தேசத்தில் கெண்டக்கி மாகாணத்தைச் சேர்ந்த லெக்ஸிங்டன் என்னும் ஊரில், லாகிரி வஸ்துக்களுக்கு அடிமையானவர்களுக்காக 1935-ம் வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. அங்கே 12 பேருக்குக் கஞ்சாவை ஒத்த ஒரு செயற்கை மருந்தைக் கொடுத்து, அவர்களுடைய சங்கீதத் திறனைச் சோதித்தார்கள். இரண்டு ஸ்வரங்களில் எது உயர்ந்தது, இரண்டு தாளங்கள் ஒன்றா வேறா என்பன போன்ற கேள்விகள் அடங்கிய சோதனை அது. முடிவுகள் 1944-ம் வருஷம் வெளியாயின. மருந்தினால் திறன் உயரவில்லை. ஆனால் 12 பேரில் 8 பேர், தாங்கள் முன்னைவிட நன்றாகச் செய்ததாகவே நம்பினார்கள்.

அங்கத்தினர்கள் இவ்விடத்தில் சிறிது நின்று யோசிக்கவேண்டும். ஒரு சங்கத்தில் காரியதரிசி கணக்கு எழுதுகிறார். தணிக்கை செய்பவர் வேறொருவர். எழுதியவரே தணிக்கையும் செய்துகொண்டால் அந்தச் சங்கத்தின் நிலை என்னவாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாத்தியக்காரரின் கை கணக்கு எழுதுகிறது. அவருடைய காது தணிக்கை செய்கிறது. லாகிரி வஸ்து கையை மட்டும் கெடுத்திருந்தால், காது அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கும். ஆனால் அது காதையும் சேர்த்துக் கெடுத்து, பிழையான கணக்குக்குச் "சரி" என்று கையொப்பம் வாங்கிவிடுகிறது. ஆகையால்தான் குடித்து வாசித்தவர், தாம் நன்றாக வாசித்ததாக மனமார நம்புகிறார்.

"அப்படியானால் மகா வித்துவான்களிற் சிலர் லாகிரிக்கு அடிமையாயிருந்தும் நன்றாக வாசிக்கவில்லையா?" என்று கேட்கலாம். இதற்கு விடையாக ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்லுவது போதும். கத்ரி கோபால்நாத் கர்நாடக சங்கீதத்தில் வாசித்துப் புகழ்பெற்ற ஸாக்ஸபோன் என்னும் ஊதுவாத்தியத்தை இந்நாட்டார் அறிவர். அதே வாத்தியத்தில் அமெரிக்க நீக்ரோவர்களின் ஜாஸ் சங்கீதத்தைப் புதிய வழியில் திருப்பியவர் சார்லி பார்க்கர். அவர் 1920-ம் வருஷம் கான்ஸாஸ் நகரில் பிறந்தார். அக்காலத்தில் அத்தேசமெங்கும் மதுவிலக்குச் சட்டம் இருந்தபோதிலும், அப்பக்கத்தில் சட்டத்தை மதியாத மதுக்கடைகள் நிறைந்திருந்தன. ஜாஸ் சங்கீதம் நடந்ததும் அவற்றிலேதான். வாலிபப் பருவத்திலேயே பார்க்கர் ஹெராயினுக்கு அடிமையானார்.

1946-ம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி, கலிபோர்னியா மாகாணத்தில் இசைத்தட்டு பதிவதற்காக அவர் அழைக்கப்பட்டார். ஹெராயின் கிடைக்காமையால் அப்பொழுது அவர் அளவின்றி மது அருந்திக்கொண்டிருந்தார். 'லவர் மேன்' என்னும் பாட்டைத் தொடங்கவேண்டிய இடத்தில் அவரால் தொடங்க முடியவில்லை. மற்றவர்கள் வாசித்துக்கொண்டே காத்திருக்க, பிந்தித்தான் சேர்ந்தார். அன்றிரவே அவர் மதிமயங்கிய நிலையில் பிடிக்கப்பட்டு, பிறகு காமரில்லோ என்னும் ஊரிலுள்ள ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய ஆறு மாதம் வைக்கப்பட்டார். அந்த இசைத்தட்டில் உருக்கம் இருப்பதாகச் சொல்லும் ரசிகர்கள் உண்டு. ஆனால் அது வெளியிடப்பட்டதைப் பார்க்கர் மன்னிக்கவில்லை. தெளிந்த காதால் கேட்டபோது அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1949-ம் வருஷம் ஒரு பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், மதுவினாலோ கஞ்சாவினாலோ ஊசியினாலோ தான் நன்றாக வாசிப்பதாகச் சொல்லும் வித்துவான் பொய்யன் என்று அவர் கூறினார்; மிகுதியாகக் குடித்தால் தமக்கு விரல்களே சரிவர ஓடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அவ்விதம் அறிந்திருந்தும் அவரால் விடமுடியவில்லை. அவரைப்போல் வாசிக்க விரும்பிய வாலிபர் பலர், அவருடைய சாதகத்தைப் பின்பற்றுவதை விட்டு அவருடைய ஊசியைப் பின்பற்றிக் கெட்டார்கள். 1955-ம் வருஷம் மார்ச்சு மாதம் 12-ந் தேதி பார்க்கர் இறந்தார். சடலத்தைப் பார்த்த வைத்தியர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் என்று மதித்தார். அவருக்கு ஆகியிருந்த வயது 34.

அதே வாத்தியத்தை வாசித்த ஜான் கோல்ட்ரேன் என்பவரும் ஹெராயினுக்கும் மதுவுக்கும் அடிமையாயிருந்தவரே. அதன் காரணமாக 1957-ம் வருஷம் மைல்ஸ் டேவிஸ் என்பவருடைய கோஷ்டியிலிருந்து அவர் விலக்கப்பட்டார். அவ்வருஷத்திலேயே இரண்டையும் விட்டார். உலகம் அவரை மேதை என்று கொண்டாடுவதற்குக் காரணமான 'எ லவ் சுப்ரீம்' 1964-ம் வருஷம் பதிவு செய்யப்பட்டது. அவருடைய பெரும்பாலான சிறந்த பதிவுகள் விட்ட பிறகு வந்தவையே. வித்தை லாகிரியிலிருந்து வந்திருந்தால், லாகிரி போனபின் வித்தையும் போயிருக்க வேண்டும். அது போகவில்லை.

இதில் பழி முழுவதையும் வாத்தியக்காரர்மீது சுமத்துவது நியாயமன்று. கான்ஸாஸ் நகரத்து வித்துவான்களுக்குக் கூலி கொடுத்தவர் மதுக்கடைக்காரர். தமிழ்க் கிராமங்களிலோ, கூலியில் ஒரு பாகத்தைப் புட்டியாகக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்து வருகிறது. முக்கியமாகச் சாவு வீட்டில் பறை அடிப்பவருக்கு ரொக்கம் குறைந்தாலும் சாராயம் குறைவதில்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அரிசியாக வீடு சேர்ந்திருக்கும் கூலி, வழியிலேயே கரைந்துவிடுகிறது. மாலை தொடங்கி விடியும்வரை ஓய்வும் ஆகாரமுமின்றி வாசிக்கச் சொல்லிவிட்டு, பின்பு அவர் குடித்தார் என்று ஏசுவதும் முறையன்று.

ஆகையால் சங்கத்தார் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. முதலாவது, கல்யாணமாயினும் சாவாயினும் கூலி முழுவதையும் ரொக்கமாகவே கொடுப்பதென்று ஊரார் கூடித் தீர்மானிக்கலாம். இரண்டாவது, வாசிக்கும் நேரத்திற்கு வரையறை செய்து, நடுவில் ஓய்வும் சாப்பாடும் சுக்குக் காப்பியும் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். மூன்றாவது, இக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் கைபேசி இருக்கிறது. கற்கும் பிள்ளைகள் தங்கள் வாசிப்பைப் பதிவு செய்து, மறுநாட் காலையில் தெளிந்த மனத்தோடு ஆசிரியர் முன்னிலையில் கேட்கலாம். குடித்து வாசித்தவர் ஒருவர் இதைச் செய்யச் சம்மதித்தால், எவருடைய உபதேசமும் அவருக்கு வேண்டியதில்லை.

நான்காவதை மிகவும் கவனிக்கவேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையவரைச் சபதம் செய்யச் சொல்லியும் அறையில் பூட்டியும் துன்புறுத்தாமல், அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அது அவமானம் அன்று. நோய்க்குச் செய்யும் சிகிச்சையே. அக்காலத்தில் அவர் குடும்பத்திற்குத் தவணையில் சலுகை காட்டுவது சங்கத்திற்கு நஷ்டமாகாது. தெளிந்த கையோடு திரும்பி வருபவர் கடனையும் தீர்ப்பார். கிராமத்திற்குச் சங்கீதத்தையும் மீட்டுக் கொடுப்பார்.

அடுத்த உற்சவத்திற்கு மேளத்துக்கு அச்சாரம் கொடுக்கும்பொழுது, இவ்விஷயங்களை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.