கடிகாரம் பார்த்து வரும் தலைவலி

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நலவாழ்வுக் குழு சார்பில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்தாயிற்று. இனி கொஞ்ச நேரம் தலைவலியைப் பத்திப் பேசுவோம். "தலைவலிக்கு ஒரு கூட்டமா?"ன்னு சிரிக்காதீங்க. நாம் பேசப் போவது தைலம் தேய்த்தால் போகிற தலைவலி இல்லை. ராத்திரி படுத்துக் கண்ணசந்த ஒண்ணு, ஒண்ணரை மணி நேரத்தில் ஆளையே எழுப்பி உட்கார வைக்கிற வலி. மருத்துவர்கள் இதைக் கிளஸ்டர் தலைவலி என்கிறார்கள். கிளஸ்டர் என்றதும் நம்ம கிளஸ்டர் கூட்டம் ஞாபகம் வரும். அதே வார்த்தைதான். கொத்தாகச் சேர்ந்து வருவதால் அந்தப் பெயர். நாம் கொத்துத் தலைவலி என்றே சொல்லுவோம்.

ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு இது வருகிறது. நம்மைப் போல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்த கூட்டமைப்பில் சில வீடுகளிலாவது இருக்கத்தான் செய்யும். ஆண்களுக்கு அதிகம், பெண்களுக்கும் வரும். பெண்ணுக்கு வந்தால் "ஒத்தைத் தலைவலிதான்"னு சொல்லி விட்டுவிடுவதும் உண்டு.

எப்படி அடையாளம் காண்பது?

வலி ஒரே பக்கத்தில், கண்ணைச் சுற்றியோ நெற்றிப் பொட்டிலோ வரும். கண்ணைத் தோண்டி எடுக்கிற மாதிரி இருக்கும். அதே பக்கத்துக் கண் சிவந்து தண்ணீர் கொட்டும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை தொங்கும். வலி 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை இருக்கும். ஒரு நாளைக்கு எட்டு தடவைகூட வரலாம். இப்படிச் சில வாரங்கள், சில மாதங்கள் படுத்திவிட்டு, ஒருநாள் தானாக நின்றுவிடும். அடுத்த கொத்து ஒரு வருஷம் கழித்தும் வரலாம். சிலருக்கு மட்டும் இடைவெளியே இல்லாமல் தொடரும்.

ஒற்றைத் தலைவலி என்கிற மைக்ரேன் வந்தவர்கள் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார்கள். கொத்துத் தலைவலிக்காரரால் படுக்கவே முடியாது. எழுந்து நடப்பார், தலையைச் சுவரில் முட்டுவார், முன்னும் பின்னும் ஆடுவார். இதைப் பார்த்துத்தான் "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு"ன்னு மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். அவர் மேல் பேயும் இல்லை, அவருக்குப் பைத்தியமும் இல்லை. பெண்கள் பிரசவ வலியைவிட இது கொடுமை என்று சொல்லுகிற அளவுக்கு வலி.

தூக்கத்தில் ஏன் வருகிறது?

நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. பாதாம் பருப்பு அளவுதான். ஆனால் பசி, தூக்கம், உடம்புச் சூடு எல்லாவற்றையும் கவனிக்கிற வீட்டுக்காரி மாதிரி அது. நம் உடம்புக் கடிகாரமும் அங்கேதான் இருக்கிறது. கோழி கூவும் முன்னே நமக்கு முழிப்பு வருகிறதே, அந்தக் கடிகாரத்தால்தான்.

1998-ல் லண்டனில் ஆராய்ச்சியாளர்கள் இந்த நோயாளிகளுக்கு வலி இருக்கும் நேரத்திலேயே மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஹைப்போதலாமஸ் பகுதி அப்போது தீவிரமாக வேலை செய்வது தெரிந்தது. பலருக்கு தினமும் அதே மணிக்கு வலி வருவதற்கான காரணம் புரியத் தொடங்கியது.

இருட்டியதும் அந்தக் கடிகாரத்தின் உத்தரவுப்படி மூளையில் மெலட்டோனின் என்ற ரசாயனம் சுரக்கிறது. "ராத்திரி ஆயிருச்சு, தூங்கு"ன்னு உடம்புக்குச் சொல்லுவது அதுதான். கொத்துத் தலைவலிக்காரர்களுக்கு, வலி வரும் காலத்தில், ராத்திரியில் இந்த மெலட்டோனின் குறைவாகச் சுரப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், முகத்துக்கும் கண்ணுக்கும் உணர்ச்சி கொண்டுபோகிற முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு, சி.ஜி.ஆர்.பி. என்ற ரசாயனத்தை வெளியிடுகிறது. அது ரத்தக் குழாய்களை விரிக்கும், வலியைக் கூட்டும். கடிகாரம் தடுமாறுவதும் நரம்பு தூண்டப்படுவதும் எப்படிச் சேர்கின்றன என்பதை இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள்.

வலிக்குப் பயந்து தூங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. தூக்கம் கெட்டால் உடம்பு இன்னும் சோர்ந்து போகும். வலி வரும் மாதங்களில் தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது நல்லது. பகல் தூக்கம் சிலருக்கு வலியைக் கிளப்பிவிடும். சாராயம், பிராந்தி, பீர் எதுவானாலும் அந்தக் காலத்தில் கொஞ்சம் குடித்தாலே ஒரு மணி நேரத்துக்குள் வலி வந்துவிடலாம். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பணம் எங்கே வீணாகிறது?

வலி தாடைக்கும் பரவுவதால் நல்ல பல்லைப் பிடுங்கிக் கொள்கிறார்கள். மூக்கு ஒழுகுவதால் சைனஸ் என்று மாசக் கணக்கில் மருந்து சாப்பிடுகிறார்கள். கண்ணாடி மாற்றுகிறார்கள். கடைசியில் பரிகாரத்துக்குக் குழுவில் கடன். கடைகளில் வாங்கும் சாதாரண வலி மாத்திரையும் இதற்கு உதவாது. மாத்திரை கரைந்து வேலை செய்வதற்குள் வலி உச்சிக்குப் போய்விடும். அள்ளி அள்ளிப் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

சரியான வைத்தியம் இருக்கிறது. வலி தொடங்கியதும் முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜனை, நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வீதம், 15 நிமிடம் சுவாசிக்க வைப்பார்கள். இங்கிலாந்தில் நடத்தி 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிஜன் கொடுத்தபோது 100-க்கு 78 தடவை 15 நிமிடத்தில் வலி தணிந்தது. வெறும் காற்று கொடுத்தபோது 20 தடவைதான். சுமாட்ரிப்டான் ஊசியும் உண்டு, ஆனால் இருதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வலி வராமல் தடுக்க வெரபமில் மாத்திரை தருவார்கள், அதற்கு இ.சி.ஜி. பார்த்துக்கொள்ள வேண்டும். எதையும் மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது. மெலட்டோனின் மாத்திரைக்கும் இதே பேச்சுதான்.

நாம் என்ன செய்யலாம்?

தீர்மான நோட்டு எழுதத் தெரிந்தவர்கள் நாம். வீட்டில் யாருக்காவது இப்படி வலி இருந்தால் ஒரு நோட்டில் தேதி, வலி வந்த மணி, நின்ற மணி, எந்தப் பக்கம், கண்ணில் தண்ணீர் வந்ததா, எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று இரண்டு வாரம் எழுதுங்கள். எழுதி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு எழுதி வாங்கிப் போகும்போது நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் பத்துக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும். வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனும் எடுக்கச் சொல்லலாம்.

திடீரென்று இடி விழுந்த மாதிரி தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பது, பேச்சுக் குழறல், பார்வை மங்குவது, கர்ப்பகாலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ கடும் தலைவலி, இவை வேறு ஆபத்துகள். உடனே 108-க்கு அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. இந்த வலியில் "செத்துப் போயிடலாம்"னு சிலர் சொல்லுவார்கள். சும்மா சொல்றாங்கன்னு நினைக்காதீங்க. தனியா விடாதீங்க. பக்கத்திலேயே இருந்து, 104 அல்லது 14416 எண்ணுக்குப் பேசுங்கள்.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊக்குநரும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறோம்: "ராத்திரி ஒரே நேரத்துல, ஒரே பக்கம் தலைவலி வந்து தூங்க முடியாம நடக்கிறவங்க யாராவது உங்க வீட்ல இருக்காங்களா?" கையைத் தூக்குகிற ஒருத்தருக்காகத்தான் இவ்வளவும் பேசினோம்.