கொடையும் வணிகமும்: வள்ளல் அழகப்பரின் கல்விப் பணி



ஈவோரைப் பாடுதல் தமிழ்ப் புலவர்தம் தொன்மையான மரபு. பாரி, பேகன், ஆய், அதியமான் எனக் கொடையாளர் நிரல் ஒன்று சங்கப் பாடல்களால் நிலைபெற்றது. அந்நிரலில் வரும் ஆய் அண்டிரனைப் பாடிய ஏணிச்சேரி முடமோசியார், அவனுடைய ஈகையை ஒரு நுட்பமான வேறுபாட்டால் உயர்த்துகிறார். இங்குக் கொடுத்தால் அங்குக் கிடைக்கும் என்று கணக்கிட்டு அறத்தைக் கொடுக்கல் வாங்கலாக்குபவன் அல்லன் ஆய் என்பது அவர் கருத்து. கொடைக்கு நேர் எதிரான தொழிலாக வணிகம் அங்கே நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டிலோ தமிழ்நாட்டின் பெருங்கொடைகள் பலவும் வணிகர் கையிலிருந்தே வந்தன. ஆதலின் முடமோசியாரின் அளவுகோல் இக்காலத்துக்கும் பொருந்துமா என்ற வினா எழுகிறது. அதற்கு விடை காண ஏற்ற வாழ்வு காரைக்குடி வள்ளல் டாக்டர் இராம. அழகப்பச் செட்டியாருடையது.

தோற்றமும் கல்வியும்

அழகப்பர் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாகப் பிறந்தார். நகரத்தார் குடிகளில் பிள்ளைகள் இளமையிலேயே கடைக்கணக்குப் பழகி, பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பலேறுவது வழக்கமாயிருந்த காலம் அது. அழகப்பர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்றார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்று உரிமம் பெற்றார். இலக்கியம் கற்ற மனமும் வானூர்தி செலுத்திய துணிவும் அவருடைய பிற்காலச் செயல்கள் அனைத்திலும் இணைந்தே காணப்படுகின்றன.

வணிகத்தின் ஏற்ற இறக்கம்

அவர் ஈடுபட்ட தொழில்கள் பல. கேரளத்தில் திருச்சூரை ஒட்டி அவர் நிறுவிய நூற்பாலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்பா நகர் என்றே வழங்குகிறது. காப்பீடு, பங்கு வணிகம், உணவு விடுதி எனப் பல துறைகளில் அவர் கால் பதித்தார். ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் பெயரில் ஒரு விமான நிறுவனத்தையும் நடத்தினார். ஆங்கில அரசு அளித்த ‘சர்’ பட்டத்தை, நாடு விடுதலை பெற்றபின் துறந்தார்.

இவற்றில் எதுவும் அவர் கைவிட்டுப் போகாத சொத்தாக நிலைக்கவில்லை. விமான நிறுவனம் நீடிக்கவில்லை. நூற்பாலை பிற்காலத்தில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் பொறுப்புக்குச் சென்றது. ஊகத்தையும் துணிவையும் முதலாகக் கொண்ட வணிகம் ஏறும்போது விரைந்து ஏறும், இறங்கும்போதும் அவ்வாறே. ஆகவே அவருடைய கொடையைத் தேங்கிக் கிடந்த செல்வத்தின் வழிந்த பகுதியாகக் கருதுதல் பொருந்தாது. வருவாய் நிலையற்றது என்பதை நன்கறிந்த ஒருவர், அது கையிலிருக்கும் பொழுதே நிலையான ஒன்றாக மாற்றிவிட விரைந்த விரைவு அது.

நகரத்தார் மரபில் ‘மகமை’ என்றொரு வழக்கம் உண்டு. கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பகுதியை அறத்துக்கென ஒதுக்கி வைப்பது அது. கோயில் திருப்பணி, சத்திரம், வேதபாடசாலை என அப்பணம் சென்றது. 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலை அரசர் அவ்வறத்தை உயர்கல்வியின் பக்கம் பெரிய அளவில் திருப்பினார். அழகப்பர் அவ்வழியில் மேலும் நெடுந்தொலைவு நடந்தார்.

தமிழுக்கு ஓர் இருக்கை

அழகப்பரின் கொடைகளைக் கால வரிசையில் வைத்துக் காணும்போது ஒன்று புலப்படும். அவருடைய பெயரோடு இன்று சேர்த்துப் பேசப்படும் காரைக்குடிக்கு முன்பே, அவர் கை பிற ஊர்களுக்கு நீண்டது. 1943இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய ஒரு இலட்சம் ரூபாய் வழங்கினார். அதனால் அப்பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கிடைத்தது. பதிப்பாசிரியரும் ஆய்வறிஞருமான எஸ். வையாபுரிப்பிள்ளை 1951 முதல் 1954 வரை அங்குத் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். வ.அய். சுப்பிரமணியம் போன்ற மொழியியல் அறிஞர் உருவான களமும் அதுவே. தமிழாய்வு வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கு ஒரு தனி இடம் உண்டெனில், அதன் அடித்தளத்தில் ஒரு வணிகரின் பொருள் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1944இல், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஐந்து இலட்சம் ரூபாயால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. அன்றைய துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரின் தொலைநோக்கும் அழகப்பரின் பொருளும் இணைந்த தொடக்கம் அது. வேதிப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் என நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு வேண்டிய துறைகள் அங்கு வளர்ந்தன. இக்கல்லூரி 1978இல் தோன்றிய அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாக இன்றும் திகழ்கிறது.

ஒரு கூட்டம், ஒரு கல்லூரி

1947ஆம் ஆண்டு சூலை 3ஆம் நாள் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டம் நிகழ்ந்தது. விடுதலை பெறவிருக்கும் நாட்டுக்குக் கல்லூரிகள் பல வேண்டும். செல்வர்கள் முன்வர வேண்டும் என்று அதில் இலட்சுமணசுவாமி முதலியார் வேண்டுகோள் விடுத்தார். அந்த அவையிலேயே அழகப்பர் காரைக்குடியில் ஒரு கலைக்கல்லூரி தொடங்குவதாகக் கூறி, ஒரு இலட்சம் ரூபாய் அறிவித்தார். ஆகஸ்டுத் திங்களிலேயே கல்லூரி தொடங்கிவிட்டது. சொந்தக் கட்டடம் எழும்வரை காத்திராமல், காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்புகள் நடந்தன. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே கழிந்தவை சில வாரங்களே.

அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் எழுந்தன. 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952இல் பொறியியல் கல்லூரி, 1956இல் உடற்கல்விக் கல்லூரி. இவற்றோடு பல்தொழில்நுட்பப் பயிலகமும் மழலையர் பள்ளியும். கோட்டையூரில் தாம் குடியிருந்த மாளிகையையும் மகளிர் கல்விக்கென வழங்கினார். மழலை முதல் பொறியாளர் வரை ஒரே வளாகத்தில் கற்கும் நிலை அக்காலத்தில் அரிது.

வறண்ட நிலத்தில் ஆய்வுக்கூடம்

விடுதலைக்குப்பின் நாட்டில் தேசிய ஆய்வுக்கூடங்கள் அமைக்கத் திட்டமிடப்பட்டன. பெருநகரங்களுக்கே உரியவை எனக் கருதப்பட்ட அத்தகைய நிறுவனம் ஒன்று, ஆறும் துறைமுகமும் இல்லாத காரைக்குடிக்கு வந்தது. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்ததே அதற்குக் காரணம். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 சூலை 25இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். உலோக அரிமானம், மின்கலம் ஆகியவை பற்றிய ஆய்வில் இந்நிறுவனம் நாடறிந்த பெயர் பெற்றது.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அழகப்பர் மறைந்தார். நாற்பத்தெட்டு அகவை நிறைய ஒரு நாளே எஞ்சியிருந்தது. 1943இலிருந்து எண்ணினால் அவருடைய கல்விக்கொடையின் காலம் பதினான்கே ஆண்டுகள்.

பெயரும் புகழும்

நிறுவனங்களுக்குத் தம் பெயரை வைத்தாரே, அது கொடைக்குப் பெற்ற விலை ஆகாதா என்று வினவுவார் உண்டு. வினா நேர்மையானது. ஆனால் சங்க வள்ளல்களும் புகழை விரும்பியவர்களே. புலவர்க்கு யானையும் ஊரும் ஈந்து அவர்கள் பெற்றது பாடல். அங்கே கொடுப்பவனும் பெறுபவனும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர். கல்விக்கொடையில் அந்த முகமறிதல் இல்லை. பெறுபவர் பலர் கொடுத்தவர் மறைந்தபின் பிறந்தவர். அவரைப் பாட வேண்டிய கடன் அவர்க்கு இல்லை. சென்னையின் தொழில்நுட்பக் கல்லூரியை மாணவர் ‘ஏ.சி. டெக்’ என்று சுருக்கி வழங்குகின்றனர். அவ்விரண்டு எழுத்துகளில் ஒரு மனிதரின் பெயர் உறைவதை அறியாமலே பட்டம் பெற்றுச் செல்வோரும் உண்டு. பெயர் தேய்ந்த இடத்திலும் பயன் தேயவில்லை. முடமோசியாரின் அளவுகோலில் இவ்வணிகர் வெற்றி பெறுவது இங்கேதான்.

பாடியவரும் இலர் அல்லர். அழகப்பா கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் விளங்கிய மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார் ‘கொடைவிளக்கு’ என்னும் செய்யுள் நூலால் அவரைப் போற்றினார். அது அக்கல்லூரியில் தமிழ் கற்பித்த புலவர் ஒருவர் செய்த கைம்மாறு.

இன்றைய வினா

1985இல் தமிழக அரசு காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது. கலைக்கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் அரசுக் கல்லூரிகளாகத் தொடர்கின்றன. தனிமனிதரின் அறம் பொதுவுடைமையாக மாறிய முறை இது. ஏறத்தாழ அதே காலத்தில், 1980களில், தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகத் தொடங்கின. வணிகர் ஒருவர் தம் வணிகத்தின் பயனைக் கல்விக்குக் கொடுத்த நாட்டில், கல்வியே வணிகமாகும் நிலை பிறந்தது. சுயநிதி நிறுவனங்கள் பலருக்குப் படிப்பின் வாயிலைத் திறந்தன என்பதை மறுத்தல் ஆகாது. ஆயினும் அவ்வாயிலில் கட்டணம் என்றொரு தாழ் இருக்கிறது. கடன் பெறாமல் அதைக் கடக்க இயலாத குடும்பங்கள் பல.

ஆகவே அழகப்பரை நினைப்பது சிலைக்கு மாலை சூட்டும் சடங்காக நின்றுவிடக் கூடாது. அவர் பெயரால் அமைந்த அரசு நிறுவனங்களில் ஆசிரியர் இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா, நூலகங்கள் வளர்கின்றனவா, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளை அங்கு அச்சமின்றி நுழைகிறதா என்று கேட்பதும் அவரைப் போற்றும் வழியே. கொடை வழங்கியவர் கடமையை முடித்துச் சென்றார். காக்கும் கடமை பெற்ற சமுதாயத்துடையது.

கவிஞர்களுக்கு இதில் தனிப்பங்கு உண்டு. முகமறியாப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இக்கொடை, கொடுத்தவரைப் பாடும் பழைய மரபுக்குள் முழுதும் அடங்காது. அதனைப் பெற்றவரைப் பாடவும், பெறாது வாயிலில் நிற்பவரைப் பாடவும் புதிய பாடல் வேண்டும். அப்பாடல் இத்தகைய வட்டங்களிலிருந்தே எழட்டும்.