டோல் சாவடியில் பிறக்கும் கருத்து



"தனியார்மயம் நல்லதா, கெட்டதா?" என்று சிம்பாங் அம்பாட்டில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் வரும். அத்தனையும் அனுபவத்தில் பிறந்தவை. தொலைபேசி இணைப்புக்கு மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்த பெரியவர், தனியார்மயம் வந்த பிறகுதான் வேலை நடந்தது என்பார். நாள்தோறும் சிரம்பானுக்குப் போய்வரும் தம்பி, சம்பளம் டோலிலேயே கரைகிறது என்பார். தோட்டத்தில் வளர்ந்த அக்காவுக்கு வீடு, தண்ணீர், மருந்து எல்லாமே கம்பெனியின் கையில் இருந்தன. 'தனியார்' என்றதும் அவர் நினைவுக்கு வருவது பங்குச் சந்தை அல்ல, துரையும் கிராணியும்தான்.

இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு துண்டுதான். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் அரசியல் பேச்சு நம்மிடம் வருகிறது.

1983இல் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் தனியார்மயக் கொள்கையை அறிவித்தார். அரசாங்கத்தின் சுமை குறையும், சேவை சிறக்கும் என்றார்கள். 1990இல் தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் ஆனது. 1994இல் வடக்கு - தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. கழிவுநீர்ச் சேவை இண்டா வாட்டரிடம் போனது. பழக்கமில்லாத பில்லைக் கண்ட பலர் கட்ட மறுத்தனர். 2000இல் அரசாங்கமே அந்நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. கொடுக்கும்போதும் மக்கள் நலன், திரும்ப வாங்கும்போதும் மக்கள் நலன்!

நம் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையையே பாருங்கள். 2018 பொதுத்தேர்தலில், டோலைப் படிப்படியாக ஒழிப்போம் என்றது பக்காத்தான் ஹராப்பான். 2020 பிப்ரவரியில் பிளஸ் கட்டணம் 18 விழுக்காடு குறைந்தது. 10 வெள்ளி கட்டியவர் 8 வெள்ளி 20 காசு கட்டினார். மிஞ்சிய காசு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அதற்கு ஈடாக ஒப்பந்தக் காலம் 2038லிருந்து 2058க்கு நீண்டதை எத்தனை பேர் கவனித்தோம்? அவ்வாண்டு பிறந்த குழந்தை 38 வயதிலும் டோல் கட்டும்.

சரி, பிளஸ் யாருடையது? 2011இல் அதனை 51 விழுக்காடு யுஇஎம் குழுமமும், 49 விழுக்காடு ஊழியர் சேமநிதி வாரியமும் வாங்கின. யுஇஎம், அரசாங்கத்தின் கஸானாவுக்குச் சொந்தமானது. நம் சம்பளத்தில் பிடித்த சேமநிதியும் அந்தச் சாலையில்தான் கிடக்கிறது. டோல் கட்டும் கையும் இலாப ஈவு வாங்கும் கையும் ஒன்றே. 'தனியார் கொள்ளை' என்ற முழக்கத்திலோ 'தனியார் திறமை' என்ற முழக்கத்திலோ இந்த உண்மை அடங்காது.

தொலைக்காட்சியில் சாவடி நெரிசலை அரை நிமிடத்தில் காட்டிவிடலாம். ஒப்பந்தத்தை அப்படிக் காட்ட முடியாது. ஆகவே, வாக்குக் கேட்டு வருபவரிடம் நாமே மூன்று கேள்வி கேட்போம். கட்டணம் எவ்வளவு? எத்தனை ஆண்டுக்கு? நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்? பதில் சொல்பவருக்குச் செவி கொடுப்போம். சொல்லாதவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, வணக்கம் சொல்லி அனுப்பிவைப்போம்.